நின்றுபோன பஸ்ஸும் வடைக்கடையும்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். ஓடுகிற வரைக்கும் வடைக்கடைக்காரருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நின்றுபோனால் அன்றைக்கே தட்டு காலி. அது என்ன?

பழுதான பஸ்தான். நீங்கள் சட்டென்று சொல்லிவிட்டீர்கள். கரட்டுப்புதூர் சின்னக்காளைக்கும் அவன் கூட்டாளிகள் மொக்கராசு, வீரணனுக்கும் அது விளங்க ரொம்ப நாள் ஆயிற்று.

மூவரும் வடைக்கடை திறந்த மறுநாள், வாசலுக்கு நேரே ஒரு பஸ் பழுதாகி நின்றது. பசியோடு இறங்கியவர்கள் இருந்த வடையை எல்லாம் தின்று தீர்த்தார்கள். அதற்கப்புறம் கடைக்குத் தவறாமல் வந்தவை ஈக்கள் மட்டும்தான்.

கட்டிடம் சின்னக்காளையின் தாய்மாமன் தவசியுடையது. அவர் பல வருஷமாகச் செங்கல் சூளை நடத்தி நிலைத்தவர்.

"மாப்ள, நல்லா வித்த அன்னைக்கு என்ன செஞ்சியோ, அதைத் தினமும் விடாம செய். அந்தப் பழக்கம்தான் தொழிலை நிக்க வைக்கும். ஆவணி பொறந்ததும் பேத்தியைக் கூட்டிட்டு வர்றேன். உங்ககிட்ட இருக்கிறதுல ஒண்ணையாவது அவ ஆசைப்பட்டுக் கேட்டா, கடை உனக்கு. இல்லையா, பழையபடி சூளைக்கு வந்து கல்லு சும."

சின்னக்காளைக்குக் கழுத்து இப்போதே வலித்தது. உடனே கூட்டம் போட்டான்.

"அன்னைக்கு என்ன செஞ்சோம்?"

"நான் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தேன்" என்றான் மொக்கராசு.

"நான் எண்ணெய்ல வழுக்கி விழுந்தேன்" என்றான் வீரணன்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"முதல் வடையைக் காக்கா தூக்கிட்டுப் போச்சே" என்று நினைவுபடுத்தினான் மொக்கராசு.

மறுநாள் முதல் மொக்கராசு சட்டையைத் திருப்பிப் போட்டான். வீரணன் காலையில் எண்ணெய் ஊற்றி, இடது பக்கமாக விழுந்தான். காக்கா சொன்ன நேரத்துக்கு வராததால், மொக்கராசே முதல் வடையைக் கவ்விக்கொண்டு வேப்பமரத்தில் ஏறினான்.

களத்துமேட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து இரண்டு வடை கேட்டார். சின்னக்காளை அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஐயா, அன்னைக்கு நீங்க வந்தீங்களா?"

"என்னைக்குப்பா?"

"அப்ப வரலை. தப்பா எடுத்துக்காதீங்க, பழக்கத்தை மாத்தக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு."

பெரியவர் போய்விட்டார். அவரைப் போலவே இன்னும் பலர் போனார்கள். ஆடி முடியப் போகிறது, வடை விற்றபாடில்லை.

"எல்லாம் செய்யிறோம், ஏதோ ஒண்ணு குறையுதே" என்று தலையைச் சொறிந்தான் சின்னக்காளை.

வீரணன் வழுக்கி விழுந்த இடத்திலிருந்தே யோசித்தான். "அன்னைக்கு இங்க ஒரு பஸ் நின்னுச்சு."

"ஓடுற பஸ்ஸை நாம பழுதாக்கலாமா?" என்றான் மொக்கராசு.

"பாவம்டா. ஏற்கெனவே பழுதானதைக் கொண்டு வருவோம்."

பழைய இரும்புக் கடைக்காரர் இடத்தை அடைத்துக் கிடந்த ஒரு பஸ்ஸைச் சந்தோஷமாகக் கொடுத்தார். டிராக்டரில் இழுத்து வந்து, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நிறுத்தினார்கள். கடை அதன் பின்னால் மறைந்துபோனது. கடைக்குள் வர, டிரைவர் கதவில் ஏறிப் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும்.

"அன்னைக்குப் பஸ்ல ஆள் இருந்தாங்களே" என்றான் சின்னக்காளை. மொக்கராசும் வீரணனும் ஏறி உட்கார்ந்தார்கள். அன்றைக்கு பஸ்ஸில் வந்தவர்கள் பசியோடு இருந்தார்கள் என்பது நினைவு வந்ததும், காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார்கள்.

ஆவணி பிறந்தது. தவசி வேட்டியை மடித்துக் கட்டி, டிரைவர் கதவில் ஏறினார். பேத்தி செவ்வந்தியையும் தூக்கி ஏற்றினார்.

"ஏண்டா, கடை வைக்கச் சொன்னா பஸ்ஸா வச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்ன பழக்கம்தான் மாமா" என்றான் சின்னக்காளை பணிவாக. வடைத் தட்டைச் செவ்வந்தியின் முன் நீட்டினான். அடுத்து பஜ்ஜித் தட்டை நீட்டினான். மொக்கராசும் வீரணனும் அந்தத் தட்டுகளையே பார்த்தார்கள், ஆனாலும் அசையவில்லை.

"என்ன வேணும் கண்ணு?" என்றார் தவசி. "நல்லா பார்த்துக் கேளு."

செவ்வந்தி வடையைப் பார்த்தாள். பஜ்ஜியைப் பார்த்தாள். சின்னக்காளை இரண்டு தட்டையும் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினான்.

செவ்வந்தி ஜன்னலோர சீட்டைக் கேட்டாள்.