அழுங்கு சேர்த்த தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு காசு

விலங்குகள் பேசிக்கொண்டும், சந்தை கூட்டிக் காசு கொடுத்துப் பொருள் வாங்கிக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில் அழுங்குக்கு உடம்பில் செதில் கிடையாது. இன்று எறும்புதின்னி என்று நாம் சொல்கிறோமே, அதே அழுங்குதான். அப்போது அதன் தோல் பிறந்த நாய்க்குட்டியின் தோல்போல வழவழவென்று இருந்தது. வாயில் பல்லும் இருந்தது. மேலே பதினாறு, கீழே பதினாறு.

மலையடிவாரத்தில் ஓர் ஓடை ஓடியது. ஓரிடத்தில் அது குறுகி ஒரு முழ அகலமே இருக்கும். மானும் முயலும் ஒரே தாவில் தாண்டிவிடும். எறும்பு, கரையான், ஓணான், நத்தை ஆகியவற்றால் தாண்ட முடியாது. அந்த இடத்தில் ஒரு தாய் அழுங்கு தன் குட்டியோடு வசித்தாள். அவளுடைய வால் சரியாக ஒரு முழம். அதை ஓடைக்குக் குறுக்கே நீட்டி வைத்துக் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருப்பாள். அவளுடைய பிழைப்பு அதுதான்.

ஓணானுக்கு ஒரு செப்புக்காசு. நத்தைக்கும் ஒன்று. நத்தை கடந்து முடிக்க அரை நாள் ஆகும், இருந்தாலும் ஒன்றுதான். எறும்புக்கும் கரையானுக்கும் இருபது பேருக்கு ஒரு காசு. வெள்ளிப்பணம் வைத்திருக்கும் பெரிய விலங்கு எதுவும் அந்த வாலின்மேல் நடந்ததில்லை. ஆகவே அவளிடம் சேர்ந்ததெல்லாம் சில்லறை.

ஒருமுறை ஓர் ஓணான் களிமண்ணைத் தட்டிக் காயவைத்துச் செப்புப்பொடி பூசிக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குப்பின் அவள் எந்தக் காசையும் கடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. வாங்கும்போது ஒருமுறை கடிப்பாள். பொழுது சாய்ந்ததும் முன்பு சேர்த்தவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி கடிப்பாள். பிறகு தேக்கிலையில் நூறு நூறாகப் பொட்டலம் கட்டுவாள். மூன்று வருஷத்தில் ஒன்பது பொட்டலங்களும் மேலே பன்னிரண்டு காசுகளும் சேர்ந்தன.

முதலில் சும்மாதான் சேர்த்தாள். போன வருஷத்திலிருந்து சேர்த்தது குட்டிக்காகத்தான். முந்தின மழைக்காலத்தில் மேல்காட்டிலிருந்து ஒரு சிறுத்தை இறங்கி வந்து, ஓடைக்கரை முயலின் இரண்டு குட்டிகளையும் ஒரே நாளில் தின்றுவிட்டது. அழுங்குக்குட்டி அப்போது பிறக்கவில்லை. இந்த மழைக்கு அது இருந்தது. தாயைப்போலவே வழவழப்பான தோல், ஓடத் தெரியாத கால். ஓடைக்கு மேலே முள்ளம்பன்றிக்குச் சொந்தமான ஒரு பாறை இடுக்கு இருந்தது. வாய் குறுகல், உள்ளே விசாலம். சிறுத்தையின் தலைகூட நுழையாது. விலை ஒன்பது வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணத்துக்கு நூறு செப்புக்காசு. கணக்கு சரியாக இருந்தது.

மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவள் பொட்டலங்களை முன்னங்கால்களால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னங்கால்களில் தட்டுத்தடுமாறி நடந்து முள்ளம்பன்றியிடம் போனாள். குட்டி அவளுடைய வாலைப் பிடித்துக்கொண்டு தொத்தி வந்தது.

"மாமா, ஒன்பது பணம் கொண்டுவந்திருக்கேன். எண்ணிக்குங்க."

முள்ளம்பன்றி ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"என்னம்மா இது, கோயில் வாசல்ல உட்கார்ந்து வாங்கின மாதிரி! இத்தனை சில்லறையை நான் வாங்கி என்ன பண்ணுவேன்? சந்தையில எவன் வாங்குவான்?"

"நல்ல காசு மாமா. ஒவ்வொண்ணும் கடிச்சுப் பார்த்தது."

"நீ கடிச்சதுன்னு தெரியுது, பல் தடம் இருக்கு. வெள்ளியா மாத்திக் கொண்டா. இடம் உனக்குத்தான். இல்லேன்னா கரடி கேட்டுக்கிட்டிருக்கான்."

அவள் அங்கிருந்து குரங்கிடம் போனாள். சந்தை ஆலமரத்தடியில் காசு மாற்றித் தருவது குரங்கின் தொழில்.

"மாத்தலாம் அக்கா, அதுக்கென்ன! நூத்துக்கு இருபது வட்டம் பிடிப்பேன்."

"அப்படின்னா?"

"நூத்தி இருபது செம்பு குடுத்தா ஒரு வெள்ளி. இதைத் தூக்கிச் சுமக்கணும், வைக்க இடம் வேணும், எனக்கும் வயிறு இருக்கு."

அவள் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தாள். ஏழு வெள்ளி வரும், எழுபத்திரண்டு செம்பு மிஞ்சும். இரண்டு வெள்ளி குறைகிறது. அந்த இரண்டு வெள்ளிக்கு இன்னும் அரை வருஷத்துக்குமேல் ஓடையில் வாலைப் போட வேண்டும். மழைக்கு இருப்பதோ பத்து நாள்.

"போன வாரம் என்கிட்டயே சில்லறை கைமாத்தா வாங்கித் திருப்பிக் குடுத்தியே தம்பி. அப்ப நான் வட்டம் பிடிச்சேனா?"

"நீ பிடிச்சிருக்கணும் அக்கா. பிடிக்காதது உன் தப்பு" என்று குரங்கு வாழைப்பழம் உரித்தது.

கடைசியாக எறும்புப் புற்றுக்குப் போனாள். எறும்புகள் தானியம் விற்று வெள்ளி சேர்த்து வைத்திருப்பது ஊரறிந்த விஷயம். அவளிடம் இருந்த காசில் பாதிக்குமேல் அவர்கள் கொடுத்ததுதான். கட்டெறும்புத் தலைவர் வாசலுக்கு வந்தார். பின்னால் நாற்பதாயிரம் எறும்புகள் நின்று வேடிக்கை பார்த்தன.

"உங்க காசுதான் ஐயா. எடுத்துக்கிட்டு ஒன்பது வெள்ளி குடுங்க."

தலைவர் நெடுநேரம் யோசித்தார்.

"குடுக்கலாம்தான். ஆனா இத்தனையையும் உட்கார்ந்து எண்ணணுமே. எண்ணுறதுக்கு எங்ககிட்ட ஆள் இல்லையே அக்கா."

அவள் அந்த நாற்பதாயிரம் பேரையும் பார்த்தாள். பொட்டலங்களைத் திரும்ப அணைத்துக்கொண்டு நடந்தாள்.

வரும் வழியில் ஒரு சரிவு. அங்கே ஒரு வேங்கை மரம் நின்றது. யாரோ பட்டையை வெட்டியிருந்தார்கள். சிவந்த பிசின் வழிந்து அடிமரமெல்லாம் பிசுபிசுத்தது. அவள் களைத்துப்போய் அதில் சாய்ந்தாள். சாய்ந்தவுடன் காய்ந்த தேக்கிலைப் பொட்டலம் ஒன்று கிழிந்தது. காசுகள் சரிவில் உருண்டன. குட்டி கத்தியது. அவள் பாய்ந்து, காசுகளின்மேல் மல்லாந்து விழுந்து, உருண்டு அவற்றைத் தடுத்தாள். எழுந்தபோது இருபது முப்பது காசுகள் பிசினோடு முதுகில் ஒட்டியிருந்தன. அவற்றைப் பிய்த்தெடுக்கக் குனிந்தாள். அந்த நேரம் பக்கத்திலிருந்த விளாமரத்திலிருந்து ஒரு பழம் நேராக அவள் முதுகில் விழுந்தது.

ணங் என்று சத்தம் கேட்டது. விளாம்பழம் உடைந்து சிதறியது. அவளுக்கு வலிக்கவே இல்லை.

அவள் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தாள்.

"என்னம்மா?" என்றது குட்டி.

"ஒண்ணுமில்லடா. இந்தக் காசை வாங்குறதுக்கு ஆள் கிடைச்சாச்சு."

"யாரு?"

"நான்தான்."

மறுநாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்தாள். கூரைக்கு ஓடு வேய்கிறவர்கள் கீழிருந்து மேலே போவதுபோல, வாலின் நுனியிலிருந்து தொடங்கினாள். ஒரு காசின் பாதியை அடுத்த காசு மூடும்படி, வரிசை வரிசையாக, பிசின் தடவி ஒட்டினாள். அவளுடைய கை எட்டாத இடத்தில் குட்டி ஒட்டியது. "கோணலா வைக்காதே, பிரிச்சு மறுபடி வை" என்று மூன்று தரம் அதையே திரும்பச் செய்யச் சொன்னாள். வாலுக்கு நூற்று அறுபது. முதுகுக்கும் விலாவுக்கும் நானூற்றுப் பன்னிரண்டு. காலுக்கு நாற்பத்தெட்டு வீதம் நான்கு காலுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. தலைக்கு முப்பத்தாறு. ஆக எண்ணூறு. ஏழு நாள் ஆயிற்று. வெயிலில் பிசின் இறுகிக் கல்லாயிற்று.

மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு காசு. வயிற்றை ஓர் இலையால் அளந்து பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டுதான் வேண்டும். கணக்கு இப்படி நேராக வந்தால் அவளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. பிசினைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, எனக்கு?" என்றது குட்டி.

அவளுடைய கை நின்றது. மூன்று வருஷம் எண்ணியவள், ஏழு நாள் ஒட்டியவள், குட்டியின் உடம்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தான் கெட்டியாக இருந்தால் குட்டியும் பத்திரம் என்று நினைத்துவிட்டாள். குட்டி அவளுடைய வாலில் தொத்திக்கொண்டு வெளியில் அல்லவா திரிகிறது! சிறுத்தை முதலில் அதைத்தானே கவ்வும்!

மேற்கே மேகம் கறுத்து இடித்தது. சந்தைப் பக்கமிருந்து முயல் குதித்து ஓடிவந்தது.

"அக்கா! அவன் இறங்கிட்டான்! முள்ளம்பன்றிப் பாறைக்கிட்ட நிக்கிறான்!"

அவள் உடனே குட்டியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வாலிலிருந்து தொடங்கினாள். குட்டியின் தோல் சின்னது. ஆனால் அவசரத்தில் நெருக்கி நெருக்கி வைத்தாள். நூற்றுப் பன்னிரண்டு காசும் அதற்கே தீர்ந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவளுடைய வயிறு வெறும் தோலாகவே நின்றது.

"இன்னும் காயல அம்மா. கொழகொழன்னு இருக்கு."

"தெரியும். பேசாம இரு."

சிறுத்தை ஓடையைத் தாண்டி வந்து நின்றது. அவளைச் சுற்றி ஒரு தரம் நடந்தது. சிரித்தது.

"என்னடி வேஷம் இது? பித்தளைப் பாத்திரக்கடை மாதிரி!"

"பேசிட்டுப் போ" என்றாள் அவள்.

"ஓடிப் பாரேன்."

ஓட முடியாது என்று அவளுக்குத் தெரியும். எண்ணூறு காசின் கனம் காலை அழுத்தியது. சிறுத்தை தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது.

"முதுகெல்லாம் போட்டுக்கிட்டியே, வயித்துக்குக் காசு பத்தலையா? அங்கே ஆரம்பிக்கிறேன்."

அது முன்னங்காலை நீட்டி அவளைப் புரட்ட வந்தது. அந்த நொடியில் அவள் குட்டியை வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். தலையைக் கால்களுக்குள் புதைத்தாள். இத்தனை வருஷம் மற்றவர்கள் நடக்க நீட்டி வைத்த வாலை இழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே போட்டு மூடினாள். அங்கே தாயும் இல்லை, குட்டியும் இல்லை. ஒரு செப்புப் பந்து மட்டும் கிடந்தது.

சிறுத்தை பந்தை உருட்டியது. வயிற்றைத் தேடியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் காசு. நகத்தைக் காசுகளின் இடுக்கில் விட்டது. காசின் விளிம்பு நகத்தை வெட்டியது. கோபம் வந்து முழுபலத்தோடு கடித்தது. படார் என்று ஒரு பல் முறிந்து தரையில் விழுந்தது.

உள்ளேயிருந்து குட்டியின் குரல் கேட்டது. "அம்மா, அவன் என்ன பண்றான்?"

"காசைக் கடிச்சுப் பார்க்கிறான். நல்ல காசுன்னு இப்ப அவனுக்கே தெரிஞ்சிருக்கும்."

சிறுத்தை வாயைத் துடைத்துக்கொண்டது. "கல்லைத் தின்கிற சாதி இல்லை நான்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஏறிப்போனது. பின்னாலேயே மழை கொட்டியது.

அவளுக்கும் பல் போயிருந்தது. அது மறுநாள்தான் தெரிந்தது. பசி எடுத்து ஒரு கிழங்கைக் கடித்தாள், முடியவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு பொழுதும் காசு காசாகக் கடித்து முப்பத்திரண்டும் தேய்ந்து ஈறாகிவிட்டன. மெல்லாமல் விழுங்கக்கூடியது எது என்று பார்த்தாள். மழைக்கு ஒதுங்கக் கட்டெறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நாக்கை நீட்டினாள்.

"அக்கா, அக்கா! நாங்க உன் வாடிக்கைக்காரங்க!" என்றார் தலைவர்.

"ஆமா ஐயா. உங்களை எண்ணுறதுக்கு ஆள் வேணுமில்ல, அதான் நானே எண்ணிக்கிறேன்" என்றாள் அவள். முதல் நாள் எண்ணிக்கை இருநூற்றுப் பதினான்கு.

மழை விட்டதும் முள்ளம்பன்றி வந்தார். சிறுத்தையின் பல் முறிந்த செய்தி மலை முழுக்கப் பரவியிருந்தது. அவர் கையில் ஒரு தேக்கிலைப் பொட்டலம் இருந்தது.

"அம்மா, அந்தப் பாறை இடுக்கை நீயே எடுத்துக்கோ. செப்புக்காசாவே குடு, பரவாயில்லை."

"இப்ப குடுக்க முடியாது மாமா. ஒட்டிட்டேன்."

"சரி, சரி. அப்ப இதைக் கேளு. உன் நகம் நல்லாத் தோண்டுது. எனக்கு ஒரு வளை தோண்டிக் குடு. கூலியா நூத்திப் பன்னிரண்டு செம்பு கொண்டாந்திருக்கேன். உன் வயித்துக்கு அதுதான் பாக்கின்னு உன் குட்டி சொன்னான். எண்ணித்தான் கொண்டாந்தேன்."

அவள் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு சரியாக இருந்தது. பிசின் இன்னும் வேங்கை மரத்தில் வழிந்துகொண்டிருந்தது. உடம்பு முழுவதையும் மூடி முடித்துவிடலாம். ஓர் இடம்கூடத் திறந்து இருக்காது.

அவள் குனிந்து பார்த்தாள். குட்டி அவளுடைய வயிற்றில் கன்னத்தை அழுத்தித் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழைக்காற்று. குட்டியின் முதுகுச் செதில்கள் சில்லென்று இருந்தன. கன்னம் பட்ட இடம் மட்டும் சூடாக இருந்தது. அவள் ஒரே ஒரு காசை எடுத்து வயிற்றில் வைத்துப் பார்த்தாள். குட்டி தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்து நகர்ந்தது.

அவள் அந்தக் காசைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்து, மடித்துக் கட்டி, முள்ளம்பன்றியிடம் நீட்டினாள்.

"வளை தோண்டித் தர்றேன் மாமா. காசு வேண்டாம்."

"கணக்குப் பார்க்கிறவளா இப்படிச் சொல்றே?"

"கணக்குப் பார்த்துத்தான் சொல்றேன்."

அன்றைக்கு விட்ட அந்த இடத்தை அழுங்கு வம்சத்தில் யாரும் இதுவரை மூடவில்லை. பிறக்கும்போது குட்டியின் செதில் கொழகொழவென்றே இருக்கும், பிறகு இறுகும். ஆபத்து வந்தால் தாய் அழுங்கு குட்டியை வயிற்றோடு சேர்த்துப் பந்தாகச் சுருண்டுகொள்கிறது. உடம்பெல்லாம் கெட்டியான அந்தப் பிராணிக்கு வயிறு மட்டும் இன்றும் வெறும் தோலாக, சூடாக இருப்பது அதனால்தான்.