பத்துக்காலி எண்ணிய நாலு துள்ளல்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட! கடலுக்கு அடியில் நடந்த சமாச்சாரம் இது.

அந்தக் காலத்தில் மீனும் நண்டும் நம்மைப் போலவே பேசும். ஒருநாள் கடலில் மின்னல் விழுந்தது. அதில் ஒரு துண்டை ஆசைப்பட்டு விழுங்கிவிட்டது ஒரு திருக்கை மீன். அது வயிற்றுக்குப் போகவில்லை. வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து என்று வில்லை வில்லையாக உறைந்துபோனது.

திருக்கைக்கு அப்போது பிரசவ நேரம், ஓட முடியாது. அது தெரிந்துதான் வந்தது சுறா. வந்ததும் கவ்வியது. பயத்தில் திருக்கை வலப்பக்கத்துப் பத்து வில்லையாலும் உள்ளிருந்த மின்னலை ஒரு தள்ளு தள்ளியது.

"ஐயோ, கூசுதே!" என்று சுறா சிரித்தது. பிடி நழுவியது. "இப்பப் பசியும் அவ்வளவா இல்ல. தண்ணி ஏறட்டும், குஞ்சோட சேர்த்துத் தின்ன வர்றேன்."

சுறாவின் முதுகில் அழுக்கு தின்றுகொண்டிருந்த நண்டு ஒன்று தொப்பென்று மணலில் விழுந்தது. அதன் பெயர் பத்துக்காலி.

"அடியே, என்ன செஞ்சே? என் காலு ரெண்டு தன்னால துள்ளுச்சு!"

திருக்கை நடந்ததைச் சொல்லி அழுதது.

"அழாதே. அவன் தோலு எனக்குத் தெரியும். இதைப்போல நாலு பங்கு அடி விழுந்தா அலறி ஓடுவான்."

"நாலு பங்குன்னா நாப்பது வில்லை வேணுமே அக்கா! எங்கிட்ட மொத்தமே இருபதுதான்."

பத்துக்காலி கொடுக்கைத் தட்டி யோசித்தது. "பொறு பொறு! தள்ளு பத்து. அவன் உடம்புல ஓடின மின்னல், என் ரெண்டு கால் துள்ளின அளவு, ரெண்டு. பத்தை ரெண்டால வகு. அஞ்சு! அதுதான் அவன் உடம்போட தடை. நீ எவ்வளவு தள்ளினாலும் அது மாறாது."

"சரி..."

"அடியோட திறன் என்ன? தள்ளையும் ஓட்டத்தையும் பெருக்கு. பத்து ரெண்டு இருபது. நமக்கு வேண்டியது எண்பது."

"அதத்தானே நானும் சொல்றேன்!"

"அடி மண்டு! இருபது வில்லையையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கு. தள்ளு இருபது. தடை அதே அஞ்சு. இருபதை அஞ்சால வகுத்தா ஓட்டம் நாலு. இப்பப் பெருக்கு!"

"இருபது நாலு... எண்பது!" திருக்கை துள்ளியது. "அக்கா, எண்பது!"

"தள்ளு கூடினா ஓட்டமும் கூடவே கூடுதுல்ல? ரெண்டும் சேர்ந்துதான் அடிக்கும்."

"கணக்குத் தப்பிட்டா?"

"தப்பினா ரெண்டு பேரும் அவன் வயித்துலதான். நான் அவன் முதுகில ஏறி எண்ணிக்கிறேன்."

தண்ணீர் ஏறியது. திருக்கை வில்லைகளை அடுக்கிக்கொண்டு, கண் மட்டும் தெரிய மணலுக்குள் புதைந்து படுத்தது. சுறா வந்தது. பத்துக்காலி அதன் முதுகில் தாவியது. சுறா மணலோடு சேர்த்துக் கவ்வியது.

"தள்ளுடி!"

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு! நண்டின் வலப்பக்கத்துக் கால் நாலும் துள்ளின. சுறா அலறிய அலறலில் கடலே கலங்கியது. போனது போனதுதான், திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தி சாயும் முன் திருக்கை ஏழு குஞ்சு ஈன்றது. அதன் வம்சம் இன்றும் மணலில் புதைந்துதான் படுக்கிறது. மிதித்தால் கால் மரத்துப்போகும்.

பத்துக்காலி? துள்ளிய நாலு காலும் மரத்துக் கிடந்தன. அதுவரை நேராக நடந்த நண்டு, இடப்பக்கத்துக் கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு, "நாலு! கணக்குச் சரி!" என்று ஊருக்கெல்லாம் கத்தியபடி பக்கவாட்டில் ஓடியது. அன்று முதல்தான் நண்டுக்கு அந்த ஓட்டம்.