பத்துப் படகும் ஒரு துடுப்பும்

முன்னொரு காலத்தில் வடகரை நாட்டைக் கோமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் சொன்னது மாலையில் நிற்காது. ஆறு கரைபுரண்டு ஓடிய ஒருநாள், "இப்போதே அக்கரை போயாக வேண்டும்" என்று அடம்பிடித்துக் கிளம்பினார். அரண்மனைப் படகு நட்டாற்றில் கவிழ்ந்தது. துறையில் படகு ஓட்டும் தவசிதான் தன் படகில் விரைந்துபோய் ராஜாவைத் தூக்கிப் போட்டுக் கரைசேர்த்தான். ராஜா பிழைத்தார். தவசியின் படகு பாறையில் மோதிச் சுக்குநூறாகிவிட்டது.

மறுநாள் சபையில் இரண்டு தாம்பூலத் தட்டுகள் வந்தன. ராஜா கொடுத்த வெற்றிலை யார் கையில் இருக்கிறதோ, பரிசு அவருக்கே சொந்தம் என்பது அந்தச் சபையின் வழக்கம்.

"தவசி! வலது தட்டை எடுத்தால் இன்றைக்கே ஒரு புதுப் படகு. இடது தட்டை எடுத்தால் பத்து வருஷம் கழித்துப் பத்துப் படகு, நீ படகு ஓட்டும் அந்தத் துறையும் உனக்கே. எது வேண்டும்?" என்றார் ராஜா.

தவசிக்குத் தலை கிறுகிறுத்தது. ஒன்றைவிடப் பத்து பெரிதுதானே? ஆனால் வீட்டில் இன்றைக்கு உலை வைக்க அரிசி இல்லையே. பத்து வருஷத்துக்கு எதை ஓட்டிப் பிழைப்பது? கை வலப்பக்கம் போனது, பாதியில் நின்றது, இடப்பக்கம் திரும்பியது.

பக்கத்தில் நின்ற சபைப் பிரமுகர் சிங்காரவேளார் அவன் காதைக் கடித்தார். ஒரு படகுக்காரனை ராஜா புகழ்ந்ததே அவருக்கு வயிற்றெரிச்சல். போதாததற்கு அதே துறையில் அவருக்கு நாலு படகு ஓடியது. "அட மடையா, பத்துடா பத்து! ஒன்றை எடுத்தால் ஊரே சிரிக்கும்."

தவசி குழம்பிப்போய் இடது தட்டு வெற்றிலையை எடுத்துவிட்டான். சபை ஆரவாரம் செய்தது. அவனுக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெயித்தோமா, தோற்றோமா என்றே அவனுக்குப் புரியவில்லை.

அமைச்சர் தீத்தாரப்பர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "மன்னா, வெற்றிலையைக் கைமாற்றலாமா?"

"தாராளமாக!"

"சிங்காரவேளாரே, பத்துப் படகும் துறையும் சும்மா வருகிறது. உம் படகில் ஒன்றை இப்போது தவசிக்குக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளுமேன்."

சிங்காரவேளார் துள்ளிவிட்டார். "ஒரு படகா? பத்து வருஷம் ஐயா! அதுவரை நான் இருக்கிறேனோ இல்லையோ. ஆறு திசை மாறலாம். ராஜாவின் மனசும்..."

"என் மனசுக்கு என்ன?" என்றார் ராஜா.

"ஒன்றுமில்லை மன்னா! வேண்டுமானால் ஒரு பழைய துடுப்புத் தருகிறேன்."

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "பத்துப் படகையும் ஒரு துறையையும் கொடுத்தேன். அது இன்றைக்கு ஒரு துடுப்புதான் பெறுமா? அமைச்சரே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை."

"பரிசு வந்துசேரும் வழியில் ஒவ்வொரு வருஷமும் அதிலிருந்து ஒரு வாய் தின்றுவிடும் மன்னா. வயிறு நிறைந்தவனிடம் கொஞ்சமாகத் தின்னும். பசித்தவனிடம் மிச்சம் வைக்காது."

"அப்படியானால் அதன் சரியான பெறுமானம்தான் என்ன?"

"யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது."

ராஜா விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. தவசி தயங்கித் தயங்கி வாய் திறந்தான். "மகாராஜா, தப்பா நெனைக்காதீங்க. நேத்து நீங்க தண்ணியில கைய நீட்டுனப்போ, 'பொறுங்க, அப்புறமா பத்துப் படகோட வர்றேன்'னு நான் சொல்லலியே?"

ராஜா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"சிங்காரவேளாரே! பத்துதான் பெரிது என்று இவன் காதில் ஓதியது நீர்தானே? உம் படகுகளில் நல்லதாக ஒன்றை இந்த நொடியே தவசிக்குக் கொடும். வெற்றிலையை நீர் வைத்துக்கொள்ளும். பத்து வருஷம் கழித்து வாரும், சொன்னபடி தருகிறேன்."

அன்று சாயங்காலமே தவசி துறையில் ஆள் ஏற்றினான். வீட்டில் உலை கொதித்தது. நடந்தது என்னவென்று மனைவி பூவாயி கேட்டதற்கு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சிரித்தான்.

சிங்காரவேளாருக்குத்தான் அன்றோடு தூக்கம் போயிற்று. ராஜா ஒரு தும்மல் தும்மினால் போதும், வைத்தியரைக் கூட்டிவர அவரே தெருவில் ஓடுவார். "மன்னர் நீடூழி வாழ்க" என்று அந்த நாட்டில் அவரைப்போல் மனசாரச் சொன்னவர் வேறு யாருமில்லை.