அரசர் தின்ற லேகியம்

“கஞ்சிக் கொட்டகை அடுப்புகளை இன்றே அணையுங்கள்!” என்று கட்டளையிட்டுவிட்டார் செங்கானத்தை ஆண்ட அரசர் இளம்பரிதி. ஊரெங்கும் விஷக்காய்ச்சல். அடைமழையில் காய்ந்த விறகுக்குப் பஞ்சம். இருக்கிற விறகெல்லாம் இனி அரண்மனை வைத்தியர் விடங்கரின் நெல்லிக்காய் லேகியம் கிண்டுவதற்கே.

அமைச்சர் ஆதனார் சபையில் எழுந்து தடுத்தார். கொட்டகையில் கிடக்கும் நோயாளிகளுக்கு அந்தக் கஞ்சியும் வெந்நீரும்தான் உயிர்.

“காய்ச்சலில் விழுந்து லேகியம் தின்ற காவலர் பத்துப் பேரும் எழுந்து நடக்கிறார்களே, போதாதா?” என்றார் விடங்கர்.

“தின்னாத காவலர்கள்?”

“அவர்களும்தான் நடக்கிறார்கள். அதற்கென்ன?”

“நடுவில் நிறுத்தியவர் உண்டா?”

“மூன்று பேர். வாந்தி என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களை எதற்குச் சேர்ப்பது? ஓலை கட்டுகிறவருக்கு நாடியைப் பற்றி என்ன தெரியும், அமைச்சரே!”

சபை சிரித்தது. ஆதனாரும் கூடச் சிரித்துவிட்டு அரசர் பக்கம் திரும்பினார். “அரசே, ஊர்ச்சபைக்கு ஆள் எடுப்பதுபோல் குடவோலை போடுவோம். நோயாளிகளின் பெயர்களைக் குடத்திலிட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு லேகியம். மீதிப் பேருக்கு அதே நிறத்தில் புளியும் வெல்லமும் காய்ச்சியது. ஆளுக்கொரு சிறு பானை. எந்தப் பானையில் எது என்று எனக்கு மட்டும் தெரியும். வாய் தவறிவிடக் கூடாதென்று நானோ கொட்டகைப் பக்கமே போகமாட்டேன். அதுவரை எல்லோருக்கும் கஞ்சி உண்டு.”

“எனக்கும் நேற்றிலிருந்து உடம்பு சுடுகிறது. என் பெயரையும் போடும்!” என்றார் அரசர். விளையாட்டென்றால் அவருக்கு அத்தனை ஆசை.

காய்ச்சல் தணிந்தபின் சபை கூடியது. பானைகள் வந்தன. அரசர் சிங்காசனத்திலிருந்து துள்ளி இறங்கினார். “எனக்கு விழுந்தது லேகியம்தான்! நாக்கில் பட்டதுமே நரம்பெல்லாம் முறுக்கேறியது!”

விடங்கர் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

தலை போனாலும் போகட்டும் என்று ஆதனார் அரசரின் பானையைத் தூக்கி, அடியில் தாம் இட்டிருந்த சுண்ணாம்புக் குறியைக் காட்டினார். “இது புளி, அரசே. இரண்டு பக்கமும் தேறியவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு.”



“அப்படியானால் என் லேகியம் வீணா?” என்றார் விடங்கர்.

“வீண் என்றும் சொல்லமாட்டேன், வைத்தியரே. இவ்வளவு குறைந்த பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது. இன்னும் நிறையப் பேரிடம் இதேபோல் குலுக்கிப் பாரும். அதுவரை விறகு கஞ்சிக்கு.”

அரசர் வெடித்துச் சிரித்தார். “என் நரம்பையே ஏமாற்றிவிட்டீரே! ஆதனாரே, இனி எந்த மருந்தும் உமது குடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அடுப்புகள் எரியட்டும். விடங்கரே, வாந்தி எடுத்த மூவர் வீட்டுக்கும் நீரே கஞ்சி சுமந்து போம்.”

விடங்கர் தலைகுனிந்து நடந்தார். விறகு பற்றி ஏதோ பேசிக்கொண்டே அரசர் புளிப்பானைக்குள் விரலை விட்டு, வழித்து நக்கிக்கொண்டார்.