ஆயுள் வேர் தின்ற கடமான்

மேட்டில் ஒரு சுனையும் பள்ளத்தில் ஒரு சேற்றுக் குட்டையும் இருந்த ஒரு காட்டில், கொம்பையா என்றொரு கிழட்டுக் கடமான் இருந்தது. தெளிந்த சுனையும் அதைச் சுற்றிய புல்லும் தனக்கு மட்டும்தான் என்று அதற்கு நினைப்பு. வேறு யாராவது வாய் வைத்தால் கொம்பை ஆட்டிக்கொண்டு வந்துவிடும்.

கீழே, சேற்றில் கிடந்தது காரி என்ற காட்டெருமை. இரண்டுக்கும் ஒரே வயது. இரண்டுக்கும் காது மந்தம்.

அந்த வருஷம் காட்டுக்குள் புலி வந்தது. கொம்பையாவுக்கு உயிர்ப்பயம் பிடித்துக்கொண்டது. ஆயுளைக் கூட்டும் என்று யாரோ சொன்ன வேரை மேடெல்லாம் தோண்டித் தின்றது. மேனி பளபளத்தது. காதுக்குள் மட்டும் உண்ணி அடைத்துக்கொண்டு கிடந்தது.

ஒரு காக்கை வந்து முதுகில் உட்கார்ந்து, காதோரம் குனிந்து, காதில் இருக்கிற உண்ணியைப் பிடுங்கட்டுமா என்று பணிவாகத்தான் கேட்டது.

“எனக்கு உண்ணியா? அதெல்லாம் சேத்துல புரளுற கூட்டத்துக்கு. எந்தச் செத்த எலியைக் கொத்தின வாயோ அது, என் மேல வைக்கிறியா? இறங்கு கீழே.”

காக்கை நேராகப் பள்ளத்துக்குப் பறந்தது. அங்கே காரியின் முதுகில் ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது. மைனாக்களும் கொக்கும் ஊர்க்கதை பேசி ஓயவில்லை.

“வா தாயி, இடது காது உனக்கு. நல்லாப் பாத்துப் பிடுங்கு. இந்த மைனா பேச்சு சுவாரசியத்துல பாதியை விட்டுருச்சு,” என்றது காரி.

மேலிருந்து பார்த்த கொம்பையாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்டதையெல்லாம் முதுகில் ஏற்றும் இந்த எருமை அடுத்த மழையைப் பார்க்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்வதற்கு?

புலி முதலில் பள்ளத்துக்குத்தான் போனது, பிள்ளைகளே. நாணலுக்குள் அது பதுங்கியதுமே, காக்கை காரியின் காதுக்குள் அலகை வைத்துக் கத்தியது. மந்தக் காதுக்கும் அது கேட்டது. காரி குட்டையின் ஆழத்துக்கு நகர்ந்து, கொம்பைத் திருப்பி நின்றது. புலி முனகிக்கொண்டே மேட்டுக்கு ஏறியது.

காக்கை பாவம், அப்போதும் பள்ளத்திலிருந்தே கத்தத்தான் செய்தது. உண்ணி அடைத்த காதுக்கு அது எட்டவில்லை. கொம்பையா வேரை மென்றுகொண்டிருந்தது.

தின்று முடித்த புலி மீசையை நக்கிக்கொண்டது.

“என்ன வாசனை, என்ன ருசி. எனக்கே ஆயுசு கூடின மாதிரி இருக்கு,” என்று நீளமாக ஓர் ஏப்பம் விட்டது.

நீதி: முதுகில் யாரையும் உட்கார விடாதவருக்கு, முதுகுக்குப் பின்னால் வருவதைச் சொல்ல யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.