ஐந்நூறு குதிரைக்கு எவ்வளவு பெரிய கூலர்

கோயம்புத்தூரில் ஹெலன் என்றொரு பெண் இருந்தார். டர்போ வைத்த கார்களை ரேஸுக்குத் தயார் செய்வதில் கெட்டிக்காரர். அவரிடம் தொழில் கற்க வந்தவர் கதிரேசன். குருவைவிடச் சீடர் வயதில் நன்றாகவே மூத்தவர். அதனால் சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை அண்ணா என்பார். யாருக்கும் இதில் சங்கடம் இல்லை.

கற்றுக்கொண்ட கையோடு கதிரேசன் தன் மகள் நிதிலாவுக்காக ஒரு கார் கட்டினார். நிதிலா பிரமாதமாக ஓட்டுவாள். ஒரு பெரிய அணியின் ஆட்கள் அவளுடைய பந்தயத்தைப் பார்க்க வந்தார்கள். பிடித்திருந்தால் அணியில் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணுக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது.

கார் பாதிப் பந்தயத்தில் கொதித்து நின்றது. வந்தவர்கள் வேறொரு பையனைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். நிதிலா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டாள். அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூட மனுஷனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எஞ்சினைச் சரிபண்ணிக்கொண்டு கதிரேசன் ஹெலனிடம் வந்தார். டர்போ அழுத்தித் தள்ளும் காற்று சுடச்சுட வரும். அதை ஆற்றி எஞ்சினுக்குள் அனுப்புகிற பெட்டிதான் இன்டர்கூலர். கார் கொதித்தது என்றால் பெட்டி போதவில்லை என்பது அவர் கணக்கு. ஏற்கெனவே இருந்ததே முன்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"ஐந்நூறு குதிரைக்கு இந்த சைஸ் சரியாங்க மேடம்?"

ஹெலன் அந்தப் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

"இந்தக் காரை நீங்க டிராக்ல ஓட்டியிருக்கீங்களாண்ணா?"

ஓட்டியதில்லை. ஷெட்டில் உருளைகள் மேல் நிறுத்தி, ஓடவிட்டு, சக்தியை அளந்ததோடு சரி. அங்கே காருக்கு முன்னால் ஆள் உயர ஃபேன் ஒன்று சுற்றும். அந்த உருளை மெஷின் ஐந்நூறு குதிரைசக்தி காட்டியதும் ஊர் பூராவும் சொல்லிவிட்டார். இந்தத் தொழில்காரர்களுக்கு இது ஒரு வியாதி. நம்பர் வந்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம்.

ஹெலன் அவரை டிராக்குக்குக் கூட்டிப்போய், ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

முதல் வளைவு திரும்பியதும் கதிரேசன் மிதித்தார். கார் யோசித்தது. பிறகு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பதறிப்போய் பிரேக்கை அமுக்கினார். அடுத்த வளைவிலும் அதே கதை. சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. ஹெலன் நிறுத்தச் சொன்னார்.

"என்ன பண்ணுச்சு?"

"மிதிச்சா உடனே வரமாட்டேங்குதுங்க. எஞ்சினும் சூடாகுதுங்க."

ஹெலன் பம்பருக்குள் கைகாட்டி விளக்கினார். அவ்வளவு பெரிய பெட்டியில் காற்று நிரம்பிய பிறகுதான் எஞ்சினுக்கு அழுத்தம் கிடைக்கும். அதுவரை ஓட்டுகிறவர் காத்துக்கிடக்க வேண்டும். போதாததற்கு, பின்னால் இருந்து எஞ்சினை ஆற்றுகிற ரேடியேட்டருக்குக் காற்றே போகாமல் அது மறைத்துவிட்டது. ஷெட்டில் அந்த ராட்சத ஃபேன் சுற்றியதால் இது தெரியவில்லை.

"முன்னாடியே யாரும் சொல்லலையாண்ணா?"

கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டார். நிதிலா சொன்னாள். பயிற்சி ஓட்டத்திலேயே இந்த இரண்டு குறையையும் சொன்னாள். ஐந்நூறு குதிரை வண்டி அப்படித்தான் இருக்கும், உனக்குத்தான் பழக்கம் பத்தாது என்று அவர் அவள் வாயை அடைத்துவிட்டார். பந்தயத்தில் கார் நின்ற பிறகும், நாலு பேர் கேட்க, ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கெடுத்துவிட்டாள் என்றுதான் சொன்னார். அவள் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இதையும் ஹெலனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

ஹெலன் ஸ்பேனரை எடுத்தார்.

டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளும், அது எவ்வளவு சூட்டோடு வரும், ரேடியேட்டருக்கு எவ்வளவு திறப்பு விடவேண்டும் என்று பார்த்துப் பார்த்து, பழையதில் பாதி உயரமே உள்ள ஒரு பெட்டியை இருவரும் சேர்ந்து பொருத்தினார்கள். குழாய்களையும் குட்டையாக்கினார்கள். மெஷினில் குதிரைகள் கொஞ்சம் குறைந்தன. டிராக்கில் மிதித்தவுடன் கார் வந்தது. எத்தனை சுற்று போனாலும் முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

கதிரேசன் காரை நிறுத்தினார். இப்படி ஒரு வண்டியை அன்றைக்கு அவள் கையில் கொடுத்திருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"நீங்களே நிதிலாவுக்கு ஒரு போன் போடுங்க மேடம். வண்டி சரியாயிருச்சுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா வருவா."

"வண்டியில என்ன குறைன்னு அவளுக்கு அப்பவே தெரியும்ணா. அது இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சுங்கறதுதான் அவளுக்குத் தெரியாது. அதை நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"