வாங்கிய கை

“அப்பா, கூலி வாங்கினால் கை அழுக்காகிவிடுமா?”

முன்பொரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு நாட்டில், அரசனின் சின்ன மகள் இப்படிக் கேட்டாள். அன்று காலைதான் அரசன் ஒரு சட்டத்துக்கு முத்திரை இட்டிருந்தான்: ‘கடல் கடந்து கூலிக்குத் திறமை காட்டிய எவரும் நம் பாடசாலைப் போட்டித் திடலில் கால் வைக்கலாகாது.’

எழுதிக் கொடுத்தவர் அமைச்சர் அடைக்கலநாதர். அவருடைய அக்காள் மகனும் அந்தப் பாடசாலையில் மல்யுத்தம் பயின்றான். வீரமலையிடம் மூன்று முறை மண்ணைக் கவ்வியவன்.

வீரமலை பஞ்சத்தின்போது தீவுக்குப் போய், கூலிக்கு மல்லுக்கட்டித் தாயைக் காப்பாற்றிய மாணவன். இந்த ஆண்டு வென்றால் அரண்மனைப் படையில் வேலை. இனிக் கப்பலேற வேண்டாம்.

விகடகவி சாத்தையன் அவனுக்காகப் பரிந்து பேசினான்.

“அரசே, இவரே சட்டத்துக்குக் காவல் நிற்கட்டும். எழுத்துப் பிசகாமல்!” என்று சிரித்தார் அமைச்சர்.

“அப்படியே ஆகட்டும்” என்றான் அரசன்.

போட்டியன்று சாத்தையன் திடல் வாசலில் பிரம்போடு நின்றான். வீரமலையைத் தலைகுனிந்தபடி திருப்பி அனுப்பினான். அடுத்து மல்யுத்த வஸ்தாது வந்தார்.

“ஐயா, தீவில் இரண்டு வருஷம் சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுத்தீரே? அப்படி ஓரமாக நில்லும்.”

தீவில் கூலிக்கு வாசித்திருந்த மேளக்காரர்களும் ஓரமாகப் போனார்கள். அமைச்சர் வந்தார்.

“சுவாமி, தீவுச் சபையில் பாட்டுப் பாடிப் பொற்கிழி பெற்றீரே!”

“அடேய், அது பரிசு! கூலியல்ல!”

“வாங்கிய கை ஒன்றுதானே, சுவாமி?”

கடைசியில் அரசன் வந்தான். பிரம்பு குறுக்கே நீண்டது.

“பொறுத்தருள வேண்டும், மகாராஜா. நாடிழந்திருந்த நாளில் தீவு மன்னருக்கு ஆறு மாதம் வாள் பிடித்து, அவர் அளந்த சோற்றை உண்டீர்கள்.”

அரசன் வெடித்துச் சிரித்தான். சட்டத்தை அங்கேயே கிழித்தான். சாத்தையனுக்குப் பட்டு போர்த்தினான்.

“கிழித்தது நன்று, அரசே. ஆனால் போட்டியாளர் பட்டியல் நேற்றே முடிந்துவிட்டது. வீரமலை அடுத்த ஆண்டு வரட்டும்” என்றார் அமைச்சர்.

“அடுத்த ஆண்டு அவனுக்கு மாணவ வயது தாண்டிவிடும், மகாராஜா!” என்று பதறினான் சாத்தையன்.

“முறை என்று ஒன்று இருக்கிறதே” என்றான் அரசன், சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்தபடி. கெட்டவனல்லன். சிரிப்பில் அவன் கவனம் போய்விட்டது.

அமைச்சரின் அக்காள் மகன் வென்றான்.

மறுநாள் காலை, கப்பலேறுமுன் வீரமலை துறைமுகக் கோயிலுக்குள் கும்பிடப் போயிருந்தான். அவன் மூட்டை கரையில் கிடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், தீவிலிருந்து திரும்பும் கப்பலில், காய்ச்சலில் கிடந்த சாத்தையனுக்குத் தன் பங்குத் தண்ணீரைப் புகட்டியவன் அவன்.

மூட்டையில் ஒரு வெறும் சுரைக்குடுவை தொங்கியது. சாத்தையன் அதில் நல்ல தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கிக் கட்டிவிட்டு, அவன் வெளியே வருமுன் போய்விட்டான்.